மாடிப்படிக்குக் கீழே நிற்கும் சைக்கிள்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 42. ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வீட்டிலிருந்து பள்ளி 5 கிலோமீட்டர். சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து சைக்கிளில் போகலாமா என்று யோசிக்கிறேன். கூட வேலை பார்க்கும் ஒருவர், கியர் சைக்கிள், பேட் வைத்த கால்சட்டை, தனி ஷூ, கையுறை என்று 50,000 ரூபாய்க்குக் கணக்குச் சொல்கிறார். மகளுக்கு பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே சும்மா நிற்கிறது. அது போதுமா?
- ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: போதும் தங்கச்சி. இந்த ஞாயிற்றுக்கிழமையே அதை வெளியே எடுத்து, பக்கத்துக் கடையில் ஓவராயில் பண்ணக் கொடுங்கள். நின்றே கிடந்த டயரில் வெடிப்பு விட்டிருக்கும், டியூபோடு மாற்றிவிடுங்கள். பிரேக் கட்டை, வால்வுக்குள் காற்றைத் தடுத்து நிறுத்தும் சின்ன ரப்பரான வால்டியூப் புதிதாகப் போடட்டும். வீலில் கோட்டம் இருந்தால் எடுக்கட்டும். 2,000 ரூபாய் பக்கம் ஆகும்.

கடையிலேயே சீட் உயரத்தையும் சரி செய்துகொள்ளுங்கள். நம் பெண்கள் பெரும்பாலும் இரண்டு பாதமும் தரையில் படும்படி சீட்டை இறக்கி வைத்துக்கொள்கிறார்கள். முட்டி வலி அதிலிருந்துதான் வருகிறது. சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழக வேண்டும். இரண்டு நாளில் வந்துவிடும்.

கட்டாயம் வாங்க வேண்டியவை ஹெல்மெட், முன்விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. இவற்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஹெல்மெட் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே உட்கார வேண்டும். பட்டையைப் போட்டுத் தலையை ஆட்டினால் நகரக் கூடாது. ஒருமுறை பலமாக அடிபட்டுவிட்டால், வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரை ஒரே அடியைத் தாங்கத்தான் செய்யப்பட்டது.

மற்றதெல்லாம் காத்திருக்கலாம். நான் கோவையில் 2014-ல் ஆரம்பித்தபோது எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கினேன். என் உயரத்துக்குப் பெரிய சட்டத்தை (ஃபிரேமை), "பழகிடும் மேடம்" என்று கடைக்காரர் தலையில் கட்டினார். ஆறு மாதம் கழுத்து வலியோடு ஓட்டிவிட்டுப் பாதி விலைக்கு விற்றேன். பெடலோடு மாட்டிக்கொள்ளும் ஷூவைச் சிக்னலில் நேரத்துக்குக் கழற்ற முடியாமல் இடது முழங்கையில் விழுந்தேன். அந்த நாளை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 5 கிலோமீட்டருக்குப் பட்டை வைத்த செருப்பே போதும். துப்பட்டாவை மட்டும் முடிந்து கட்டிக்கொள்ளுங்கள்.

பேட் வைத்த கால்சட்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டும்போதுதான் உதவும். அதை உள்ளாடை இல்லாமல் அணிய வேண்டும் என்பதை நமக்கு யாரும் சொல்வதில்லை. சுடிதாருக்குள் போட்டுக்கொள்ளலாம்.

கியர் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் உண்டு. எங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் என்றால் உங்களுக்கு ஆரியங்காவு. ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வீசும் மேற்குக் காற்றை எதிர்த்து வாளையார் பக்கம் மிதித்த எனக்குக் கியரின் அருமை தெரியும். ஆனால் உங்கள் பள்ளி மேற்கே இருக்கிறதா, கிழக்கே இருக்கிறதா? காலையில் காற்று முதுகில் பட்டால் மாலையில் மட்டும் கொஞ்சம் மெதுவாக வரலாம். ஒரு ஆடி மாதத்தை இந்தச் சைக்கிளிலேயே ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம், கியர் சைக்கிள் வாங்கினால் செலவு கடையோடு நிற்காது. மெல்லிய டயர் உள்ள பலவற்றில் வால்வே வேறு மாதிரி. தெருக்கடைப் பம்பு அதில் பொருந்தாது, சின்னப் பித்தளை அடாப்டர் வேண்டும். டியூபும் எல்லா ஊரிலும் கிடைக்காது, இரண்டு வாங்கிப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். செயின் தேய்ந்ததைக் கவனிக்காமல் விட்டால் பல்சக்கரமும் சேர்ந்து தேயும். எந்தச் சைக்கிளானாலும் செயினுக்குத் தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். பிசுபிசுத்து மண்ணை இழுக்கும். தையல் மிஷின் எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

ஆடி முடிந்த பிறகும் கியர் வேண்டும் என்று தோன்றினால், உங்கள் உயரத்தையும் கால் உள்ளளவையும் (கவட்டிலிருந்து குதிகால் வரை) எழுதி அனுப்புங்கள். எந்த அளவுச் சட்டம் என்று சொல்கிறேன்.