வாசகர் கேள்வி – பதில்: சர்நேம் கட்டத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: மகன் பாஸ்போர்ட்டில் 'அந்தோணி' என்று ஒற்றைப் பெயர்தான் இருக்கிறது. சர்நேம் கட்டம் காலி. விசிட் விசாவில் துபாய் போகப் போகிறான். விசா படிவத்தில் அவன் அப்பா பெயரைச் சேர்த்து எழுதிவிடலாமா?
– வாசகி, பாம்பன்

பதில்: வேண்டாம் அம்மா. பாஸ்போர்ட்டில் இல்லாத ஓர் எழுத்தைக்கூட விசா படிவத்தில் சேர்க்கக் கூடாது. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை விசிட் விசாவுக்கு ஏற்பதில்லை என்று 2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகம் விதி வைத்திருக்கிறது. அங்கே ஏற்கெனவே குடியிருப்பு அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. உங்கள் மகன் புதிதாகப் போகிறவர், எனவே முதலில் பாஸ்போர்ட்டைத் திருத்த வேண்டும்.

பாஸ்போர்ட் சேவா தளத்தில் 'ரீ-இஷ்யூ' (மறுவெளியீடு) எடுத்து, சொந்த விவரத்தில் மாற்றம் என்று காரணம் காட்டி, அப்பா பெயரை சர்நேமாகக் கேளுங்கள். நம் ராமநாதபுரம் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. நம் ஊர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் இடிப்பது இனிஷியல்தான். ஆதாரிலும் மதிப்பெண் சான்றிதழிலும் ஒற்றை எழுத்தாக இருக்கும். பாஸ்போர்ட்டிலோ அதை விரித்துத்தான் எழுத வேண்டும். விரிக்கும்போது, அப்பாவின் ஆவணங்களில் உள்ள அதே ஆங்கில எழுத்துகளையே போடுங்கள். 'ஏ' ஒன்று கூடினாலும் பிறகு தலைவலி. புதிய பாஸ்போர்ட்டுக்கு எண்ணும் புதிது. அது கைக்கு வரும்வரை விசாவுக்கோ டிக்கெட்டுக்கோ பணம் கட்டாதீர்கள்.

எல்லா நாட்டுக்கும் ஒரே விதி இல்லை என்பதையும் கவனியுங்கள். அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தில் ஒற்றைப் பெயரை சர்நேம் கட்டத்தில் எழுதி, முதல் பெயர்க் கட்டத்தில் 'எஃப்என்யு' (FNU, முதல் பெயர் தெரியாது) என்று போட வேண்டும்.

கேள்வி: தம்பி பத்தாவது தேறவில்லை. விசிட் விசாவில் மலேசியா போய், அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். சரிதானா?
– வாசகர், தொண்டி

பதில்: சரியில்லை. பத்தாவது தேறாததால் தம்பியின் பாஸ்போர்ட் இசிஆர் வகை, அதாவது வேலைக்கு வெளிநாடு போகுமுன் அரசு சரிபார்ப்பு தேவைப்படும் வகை. குடிபெயர்வுச் சட்டம் 1983-இன்படி, இசிஆர் பாஸ்போர்ட்டில் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் 'இமைக்ரேட்' தளம் வழியாக அனுமதி வாங்க வேண்டும். வளைகுடா நாடுகளோடு மலேசியாவும் அதில் உண்டு, சிங்கப்பூர் இல்லை. அனுமதியோடு போனால் முதலாளி, சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் பதிவில் இருக்கும். 10 லட்ச ரூபாய் பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் உண்டு. பிரீமியம் 2 வருடத்துக்கு 275, 3 வருடத்துக்கு 375 ரூபாய்தான். விசிட் விசாவில் போனால் இதில் ஒன்றும் கிடைக்காது. சம்பளம் நின்றுபோனால் கையில் காட்ட ஒரு தாள்கூட இருக்காது.

பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அவர் உரிமம் செல்லுபடியாகிறதா என்று இமைக்ரேட் தளத்திலேயே பாருங்கள்; பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கேள்வி: மலேசியா வருகை அட்டைக்கு ஒரு தளம் பணம் கேட்கிறதே?
– வாசகி, தேவிபட்டினம்

பதில்: அது அரசுத் தளம் அல்ல, மூடிவிடுங்கள். மலேசியாவின் எம்டிஏசி என்ற இணைய வருகை அட்டை, சிங்கப்பூரின் எஸ்ஜி அரைவல் கார்டு இரண்டும் இலவசம். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். நம் பாஸ்போர்ட் எண்ணில் முதலில் ஓர் ஆங்கில எழுத்து, பிறகு 7 இலக்கங்கள். ஆகவே எண்ணின் நடுவில் வட்டமாக வருவது சுழியம்தான். அந்த இடத்தில் 'ஓ' தட்டிவிடாதீர்கள்.