பெரிய பற்றரிதான் வேண்டுமா? மின்சார வாகனத்தின் பாரம் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: மின்சாரக் கார் வாங்கப் போகிறோம். ஒரே மாடலில் சின்னப் பற்றரி, பெரிய பற்றரி என்று இரண்டு இருக்கிறது. "எடுக்கிறதெண்டால் பெரிசையே எடு" என்கிறார் கனடாவில் இருக்கும் மாமா. பற்றரி பாரமாக இருந்தால் ஏதும் கெடுதல் உண்டா? யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில் இருந்து பருத்தித்துறைக்கு வேலைக்குப் போய்வருகிறேன்.

பதில்: மாமா இருக்கிற இடத்துக்கு அது சரியான யோசனை. அங்கே பனிக்காலத்தில் பற்றரி ஓடும் தூரம் நன்றாகக் குறைந்துவிடும். உங்களுக்கோ போய்வர எழுபது கிலோமீற்றர் அளவுதான். குளிரும் இல்லை, ஏற்றமும் இல்லை.

முதலில் பாரக் கணக்கு. ஒரு கிலோ டீசலில் ஏறக்குறைய 12 யூனிட் சக்தி இருக்கிறது. கார்ப் பற்றரியில் ஒரு கிலோவுக்கு 0.15 யூனிட் அளவுதான் அடங்கும். மோட்டார் சக்தியை அவ்வளவாக வீணாக்காது என்பதால் நடைமுறையில் வித்தியாசம் இத்தனை மோசமில்லை. ஆனாலும் 60 யூனிட் பற்றரி என்றால் 400 கிலோ வந்துவிடும். எட்டுச் சீமெந்துப் பையை எந்நேரமும் ஏற்றிக்கொண்டு திரிகிற மாதிரி. பெற்றோல் ஓட ஓடத் தீர்ந்து இலேசாகும். பற்றரி சார்ஜ் இறங்கினாலும் அதே பாரம். பத்து வருடம் கழித்துப் பாதித் தூரம்தான் ஓடுகிறது என்றாலும் அதே பாரம்தான். பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பாரத்தால் கரன்ட் பில் பெரிதாக ஏறும் என்று பயப்பட வேண்டாம். சமதரையில் ஒரே சீராக ஓடும்போது வேகம் கூடக் கூடக் காற்றுத்தான் சக்தியை அதிகம் தின்னும். பிரேக் பிடிக்கும்போது ஒரு பங்கு சக்தி பற்றரிக்கே திரும்பி வருகிறது. பிரேக் பாட் தேய்வதும் குறைவு. பாரம் உங்கள் பையில் கைவைக்கும் இடம் ரயர். பாரமும் கூட, மிதித்த உடனே முழு இழுவையும் வந்துவிடும். இரண்டும் சேர்ந்து ரயரைச் சீக்கிரம் தேய்க்கும். மாற்றும்போது விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ரயரின் பக்கவாட்டில் 205/55 R16 91V என்பதுபோல எழுதியிருக்கும். அதில் 91 என்பது அந்த ஒரு ரயர் 615 கிலோ தாங்கும் என்பதற்கான குறி. 94 என்றால் 670 கிலோ, 98 என்றால் 750 கிலோ. காரோடு வந்த எண்ணுக்குக் குறைந்ததைக் கடைக்காரர் "இதுவும் அதே சைஸ்தான் தம்பி" என்று நீட்டினால் வாங்க வேண்டாம்.

விபத்தையும் யோசிக்க வேண்டும். 2023 ஜனவரியில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபைத் தலைவர் ஜெனிஃபர் ஹோமன்டி இதைப் பகிரங்கமாகவே எச்சரித்தார். அவர் காட்டிய உதாரணம் மின்சார ஹம்மர்: நாலு தொன்னுக்கு மேல் பாரம், அதில் பற்றரி மட்டும் 1,300 கிலோ. ஒரு ஹொண்டா சிவிக்கின் பாரம் அது! இடிபடும் சின்னக் காரில் இருப்பவர் பாடுதான் திண்டாட்டம். ஆனால் எங்கள் வீதியில் சைக்கிளில் போகிறவருக்கு இடிப்பது ஆயிரம் கிலோ என்ன, ஆயிரத்து எழுநூறு என்ன? அங்கே ஆளைக் கொல்வது வேகம்.

ஆகவே மாமாவிடம் ஒன்றைக் கேளுங்கள்: மாதத்தில் எத்தனை தரம் கொழும்புக்குப் போகப் போகிறேன்? நானூறு கிலோமீற்றர் பயணத்தில் பெரிய பற்றரி என்றாலும் பெரும்பாலும் இடையில் நிறுத்திச் சார்ஜ் போட வேண்டிவரும், சின்னதென்றால் இன்னொரு தரம், அவ்வளவுதான். நானாக இருந்தால் சின்னதைத்தான் எடுப்பேன்.

கேள்வி: சுன்னாகத்தில் மரக்கறி வியாபாரம். டீசல் பட்டாவை (டாட்டா ஏஸ் சின்ன லொறி) விற்றுவிட்டு மின்சாரப் பட்டா வந்தால் எடுக்கலாமா? தம்புள்ளைக்கும் ஓட வேண்டும்.

பதில்: தம்புள்ளைக்கு வேண்டாம். காரில் பாரம் கூடினால் ரயர்தான் தேயும். லொறியில் அது உங்கள் வருமானத்தையே வெட்டும். வாகனமும் சாமானும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று எல்லை இருப்பதால், பற்றரிக்குப் போகும் ஒவ்வொரு கிலோவும் வெங்காய மூட்டையில் இருந்து கழிகிறது. பெரிய லொறிகளுக்கு இது எவ்வளவு தொல்லை என்றால், ஐரோப்பிய ஒன்றியம் மின்சார லொறிகளுக்கென்று இரண்டு தொன் வரை கூடுதல் பாரம் அனுமதித்திருக்கிறது.

2022இல் இந்தியாவில் அறிமுகமான மின்சார டாட்டா ஏஸை எடுத்துக்கொள்வோம். எங்கள் பட்டாவின் மின்சார உருவம்தான். 21.3 யூனிட் பற்றரி, ஏற்றக்கூடியது 600 கிலோ, கம்பனி சொல்லும் தூரம் 154 கிலோமீற்றர். தம்புள்ளை இருநூறுக்கு மேல். எங்கள் ஆட்கள் 600 கிலோவோடு நிறுத்துவார்களா என்பது வேறு கதை. மருதனார்மடம், திருநெல்வேலி, சாவகச்சேரி என்று சந்தைக்குச் சந்தை ஓடி, இரவில் வீட்டில் சார்ஜ் போடுவதென்றால் தாராளமாக எடுக்கலாம். வேறுவழியில்லாமல் தம்புள்ளைக்கும் ஓடத்தான் வேண்டும் என்றால் டீசலை விற்காதீர்கள்.

கேள்வி: இந்தக் கார்கள் கூடினால் எங்கள் றோட்டெல்லாம் உடையும் என்கிறார்களே?

பதில்: கார்களால் உடையாது. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் லொறிகளை ஓடவிட்டுச் செய்த பரிசோதனையில் தெரிந்தது இது: அச்சில் விழும் பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு வரும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகும். அந்தக் கணக்கில் கார் ஒரு பொருட்டே இல்லை. ஒழுங்கையை உடைப்பது மணல் டிப்பர். நாளைக்கு அந்த டிப்பர் மின்சாரமாகி இன்னும் இரண்டு தொன் கூடினால் அப்போது கவலைப்படலாம்.

கேள்வி: படலைக்கு முன்னால் வாய்க்கால்மேல் போட்ட சிலாப் மின்சாரக் காரைத் தாங்குமா? பஞ்சர் ஒட்டுகிறவரும் காரைத் தூக்க ஜக் வைக்கப் பயப்படுகிறார்.

பதில்: வீடு கட்டும்போது கல், மணல் ஏற்றிய டிரக்டர் அந்தச் சிலாப்மேல் போயிருந்தால் உங்கள் கார் அதற்குப் பெரிய பாரமில்லை. இப்போது வெடிப்போ, கம்பி தெரிகிற இடமோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மலக்குழி மூடியின்மேல் நிறுத்தும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

பஞ்சர்காரர் பயப்படுவது நியாயம். காரின் அடித்தட்டு முழுக்கப் பற்றரி. ஜக்கை நடுவில் கொடுத்தால் பற்றரிப் பெட்டி நசுங்கும், அந்தச் செலவைத் தாங்க மாட்டீர்கள். கதவுக்குக் கீழே ஓரமாக, சில்லுக்குக் கிட்ட நாலு இடத்தில் ஜக் வைக்கும் அடையாளம் இருக்கும். கார்ப் புத்தகத்தில் அந்தப் படத்தை ஃபோனில் எடுத்து வைத்திருந்து அவரிடம் காட்டுங்கள். இன்னொன்று, பல மின்சாரக் கார்களில் ஸ்பெயார் சில்லே வராது. வாங்க முன்னர் டிக்கியைத் திறந்து பாருங்கள்.