சித்திரையில் எல்லா வீடும் நல்ல வீடுதான்
வாசகர் கேள்வி - பதில்: புதுச்சேரியில் வாடகை வீடு

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, திண்ணையும் முற்றமும் உள்ள பழைய வீட்டின் கீழ்ப்பகுதி வாடகைக்கு வருகிறது. தேக்கு உத்திரம், புதுப் பெயின்ட். அட்வான்ஸ் கொடுக்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

முதலில் அந்தப் புதுப் பெயின்ட்டைச் சந்தேகப்படுங்கள். இவ்வகை வீடுகளின் சுவர், செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தது. நிலத்து ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதைக் காற்றில் விட்டுவிடும். பூச்சு உதிர்கிறதே என்று யாராவது இடுப்பளவுக்குச் சிமென்ட் பூசியிருந்தால், ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, சிமென்ட் முடிகிற இடத்துக்கு மேலே உப்பாகப் பூக்கும். அதன் மேல் பெயின்ட் அடித்தால் மூன்று, நான்கு மாதம் தாங்கும். அதற்குள் நீங்கள் அட்வான்ஸ் கொடுத்துக் குடிவந்திருப்பீர்கள்.

முழங்கால் உயரத்திலும் நெஞ்சுயரத்திலும் சுவரில் புறங்கையை வைத்துப் பாருங்கள், சில்லிப்பில் வித்தியாசம் தெரியும். கழிப்பறைக்கு மறுபக்கச் சுவரும் மாடிப்படிக்கு அடியும் முக்கியம். விரல் முட்டியால் தட்டும்போது உள்ளே வெற்றிடம் போல ஒலித்தால் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்துவிட்டது. முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். சித்திரையில் எல்லா வீடும் நல்ல வீடுதான்.

அடுத்து கூரை. இவ்வகை வீடுகளில் இருக்கும் மெட்ராஸ் டெரஸ் என்பது உத்திரங்களின் மேல் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் நிறுத்தி அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கி, தட்டை ஓடு பதித்தது. உத்திரத்தின் நடுப்பகுதி திடமாக இருக்கிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். சுவருக்குள் செருகியிருக்கும் முனைதான் முதலில் இற்றுப்போகும், ஏனென்றால் அங்கேதான் ஈரம் தங்கும். சுவரை ஒட்டிய ஒரு சாண் நீளத்தில் கரையான் மண்கோடு இருக்கிறதா பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாகக் குத்துங்கள். புகுந்தால் அந்த வீடு வேண்டாம். தெர்மகோல் ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஒரு பலகையையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

மொட்டைமாடிக்கும் ஏறுங்கள். 1,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன். அது சுவரின் மேல் நிற்கிறதா, இரண்டு உத்திரங்களுக்கு நடுவில் நிற்கிறதா? கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் அதன் வேர் வழியாகத் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று கீழே வந்து அதே இடத்தைப் பாருங்கள்.

இதே பகுதியில் உள்ள வைசியாள் வீதியின் முகப்புகளைச் சீரமைத்த பணிக்கு 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. தெரு அழகு வேறு, உள்கட்டுக் கூரை வேறு.

ஒப்பந்தத்தில் இதை எழுதிக்கொள்ளுங்கள்: கூரை, உத்திரம், வெளிச்சுவர் பழுது உரிமையாளர் செலவு. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108-ஆம் பிரிவின்படி, உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதைச் சொல்லியும் செய்யாவிட்டால் நீங்களே செய்து வாடகையில் கழிக்கலாம். ஆனால் கடமை என்று எழுத்தில் இருந்தால்தான் வழக்கு நிற்கும்.

வீட்டு உரிமையாளர் பாரிஸில் குடியிருக்கிறார். வாடகை 18,000. இங்குள்ள தம்பியின் கணக்கில் போடச் சொல்கிறார். போடலாமா?
- வாசகர், லாஸ்பேட்டை

புதுச்சேரியில் இது அதிகம் நடக்கிற தவறு. உரிமையாளர் வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், வாடகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் குடியிருப்பவர் வரி பிடித்துக் கட்ட வேண்டும். வரி 30 சதவீதம், அந்த வரியின் மேல் 4 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி, சேர்ந்து வாடகையில் 31.2 சதவீதம். உங்கள் வாடகையில் மாதம் 5,616 அரசுக்கு, 12,384 உரிமையாளருக்கு. தம்பியின் கணக்கில் போடுவதால் இது மாறாது. பிடிக்காவிட்டால் அந்த வரியும் வட்டியும் உங்கள் தலையில் விழும்.

இதற்கு டான் எண் (வரி பிடிப்பவருக்கான எண்) வாங்க வேண்டும். பிடித்ததை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டி, காலாண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஆடிட்டரிடம் கொடுத்துவிடுவது நல்லது. வரி அதிகம் என்று உரிமையாளர் நினைத்தால், குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை அவர்தான் வருமான வரித் துறையிடம் வாங்கித் தர வேண்டும்.

தம்பியிடம் பவர் பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டில் எழுதியது என்றால், இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். பாகப்பிரிவினை ஆகாத வீடா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு பங்காளியிடம் கொடுத்த அட்வான்ஸை இன்னொரு பங்காளி ஒப்புக்கொள்ளமாட்டார்.

11 மாத ஒப்பந்தம் போதுமா? கடலூரில் மூன்று மாத அட்வான்ஸ்தான் சட்டம் என்கிறார்களே?
- வாசகர், மஞ்சக்குப்பம்

கடலூருக்குப் பொருந்துவது தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்பதும், ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பதும் அதில் உண்டு. அது புதுச்சேரி எல்லைக்குள் செல்லாது. 11 மாதம் என்று எழுதுவதற்குக் காரணம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்ற 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். நோட்டரி கையெழுத்து பதிவுக்கு ஈடாகாது.

5 லட்சம் போக்கியம், வாடகை இல்லை, முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளலாம் என்கிறார்.
- வாசகி, முதலியார்பேட்டை

வேண்டாம். போக்கியம் சட்டத்தில் ஓர் அடமானம். இரண்டு சாட்சிகளுடன் பதிவு செய்தால்தான் செல்லும். அதற்குமுன் வில்லங்கச் சான்று எடுங்கள். வீட்டின்மேல் வங்கிக் கடன் இருந்தால், ஏலத்தில் வங்கிக்குப் பிறகுதான் நீங்கள்.

சுண்ணாம்புச் சுவரில் ஸ்ப்ளிட் ஏசி மாட்டலாமா?
- வாசகர், முத்தியால்பேட்டை

உரிமையாளரின் எழுத்துச் சம்மதத்தோடு மாட்டலாம். செங்கல் இணைப்பில் துளை போட்டால் சுண்ணாம்பு பொடியாகி திருகாணிக்காகத் துளையில் செருகும் ராவல் பிளக் கழன்றுவரும். செங்கல்லின் நடுவில், சுத்தியல் அடி இல்லாத டிரில்லால் போடச் சொல்லுங்கள். 1.5 டன் ஏசிக்கு மெயினிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 20 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்). பழைய ஒயரிங்கிலிருந்து இழுக்காதீர்கள். வெளி யூனிட்டை முகப்பில் வைக்காமல் பின்கட்டில் வையுங்கள். வடியும் தண்ணீர்க் குழாயைச் சுவரில் விடாமல் சாக்கடை வரை இறக்கிவிடுங்கள்.