ஜன்னல் இல்லாத அறையில் அத்தை

கேள்வி: அடுத்த மாதம் சென்னையிலிருந்து இலங்கைக்கு 3 இரவு கப்பல் பயணம் போகிறோம். நான், வீட்டுக்காரர், 8 வயது மகள், இரண்டரை வயது மகன், அத்தை (வீட்டுக்காரரின் அம்மா, 67). யாரும் இதுவரை கப்பல் ஏறியதில்லை. எதுவும் விட்டுப்போகாமல் எல்லாத் தளங்களையும் எப்படிச் சுற்றிப் பார்ப்பது? எங்கே, எப்போது சாப்பிடுவது? வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிப் போகலாமா? எங்களுக்கு 8ஆம் தளத்தில் பால்கனி அறை, அத்தைக்கு 3ஆம் தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. அவருக்கு முட்டி வலி, ஏற்காடு பஸ்ஸில் ஏறினாலே வாந்தி. அதனால் அறையிலேயே இருந்துகொள்வார். சின்னவனும் ராத்திரி அவரோடு படுத்துக்கொள்வான்.
- வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: தளமும் சாப்பாடும் இருக்கட்டும். போகிற போக்கில் கடைசியாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் பேசுவோம். ‘சின்னவனும் ராத்திரி அவரோடு படுத்துக்கொள்வான்.’ அத்தைக்கு டிக்கெட் போட்டது கடலைப் பார்க்கவா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவா?

இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஊட்டி, திருப்பதி, சிங்கப்பூர் என்று ஊர்தான் மாறும். பாட்டி விடுதி அறையில் பேரனோடு உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் சுற்றிவிட்டு வருவார்கள். பேரனைத் தூக்கி வளர்ப்பது அவருடைய பிரியம். அதை அவருக்கு டியூட்டியாகப் போட உங்களுக்கு உரிமை கிடையாது. கடிதத்தில் இன்னொன்றும் கண்ணில் படுகிறது. அத்தையைப் பற்றி எல்லாம் நீங்களே முடிவு செய்திருக்கிறீர்கள், உங்கள் வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை இல்லை. அவருடைய அம்மா அல்லவா? இந்தப் பதிலை அவரும் படிக்கட்டும்.

மரியாதையை விடுங்கள், இது ஆபத்தும்கூட. ராத்திரி 10 மணி, நீங்கள் இருவரும் மேல்தளத்தில் பாட்டுக் கச்சேரியில் இருக்கிறீர்கள். அபாயச் சங்கு ஒலிக்கிறது: ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி. அந்த நேரத்தில் லிப்டில் ஏறக் கூடாது. நீங்கள் ஐந்து தளம் கீழே இறங்க வேண்டும், படிக்கட்டு முழுக்க மேலே ஏறுகிற கூட்டம். கீழே முட்டி வலிக்காரர் ஒருவர் தூங்கும் குழந்தையை எழுப்பி, தனக்கும் அவனுக்கும் உயிர்காப்பு அங்கி கட்டி, அவனைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். நடக்காது.

2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றைக்கு ஏறியவர்கள் பலருக்குப் பாதுகாப்புப் பயிற்சியே நடந்திருக்கவில்லை, 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றுதான் அப்போது விதி. அதன் பிறகுதான், கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று மாற்றினார்கள். அத்தையையும் அந்தப் பயிற்சிக்குக் கூட்டிப் போங்கள். முட்டி வலி என்று விட்டுவிடாதீர்கள். அபாய நேரத்தில் நீங்கள் போய்க் கூட வேண்டிய இடத்தின் எழுத்தோ எண்ணோ அறை அட்டையில் இருக்கும். அறையிலிருந்து அங்கே ஒருமுறை படி வழியாகவே மெதுவாக நடத்திக் காட்டுங்கள். சின்னவன் அளவுக்கு உயிர்காப்பு அங்கி அறையில் இல்லையென்றால், ஏறியவுடன் அறைப் பணியாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

இனி வாந்தி. ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘திரும்புகிறோம்’ என்கிறது. கண்ணோ முன் சீட்டின் முதுகைப் பார்த்து ‘அசையவே இல்லை’ என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டுகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்தால் குறையும். கப்பலிலும் அதே கதைதான். சுவரை மட்டும் பார்க்கிற அறையில் அவரை அடைத்தால் தலைசுற்றல் கூடும். மருந்தே தொடுவானம்தான், அந்த அறையில் அது தெரியவே தெரியாது.

கப்பல் ஆடுவது பூங்காவில் பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் சீ-சா பலகை மாதிரி. நடுவில் அசைவு குறைவு, முகப்பிலும் பின்கோடியிலும் அதிகம். மேலே போகப் போகப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். ஆகவே தாழ்ந்த தளம் சரி, ஜன்னல் இல்லாததுதான் தப்பு. இன்றைக்கே ஏஜென்டுக்குப் போன் போடுங்கள். பால்கனியை விட்டுக்கொடுத்து, தாழ்ந்த தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில், ஜன்னலோடு அடுத்தடுத்த இரண்டு அறை கேளுங்கள். இடையில் கதவு வைத்த அறைகள் இருக்கிறதா என்றும் கேளுங்கள். லிப்டுக்குப் பக்கமாகக் கிடைத்தால் முட்டிக்கு நல்லது. துறைமுகத்தில் ஏறி இறங்கச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் இப்போதே பதிவு செய்ய வேண்டும், அங்கே போய்க் கேட்டால் காத்துக் கிடக்க நேரும். குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமல் இருக்க ஒரு மேடு வைத்திருப்பார்கள். வயதானவர்கள் இடறி விழுவது அங்கேதான், முதல் நாளே காட்டிவிடுங்கள்.

வாந்தி மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டால் பயன் குறைவு. கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். பிரஷர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் சேலத்திலேயே டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான வாந்தி மாத்திரைகள் தூக்கம் கொடுக்கும், வயதானவர்களுக்குத் தள்ளாட்டமும் வரும். அந்த நிலையில் இருப்பவரிடமா நடு ராத்திரி பிள்ளையை விடப் போகிறீர்கள்?

கச்சேரிக்கு வழி இருக்கிறது. பல கப்பல்களில் ஒரே நிகழ்ச்சியை ஒரே ராத்திரியில் இரண்டு தடவை நடத்துவார்கள். முதல் காட்சிக்கு வீட்டுக்காரர் அவருடைய அம்மாவையும் மகளையும் கூட்டிப் போகட்டும், இரண்டாவதுக்கு நீங்கள் போங்கள். கப்பலில் உள்ள பிள்ளைகள் காப்பகத்தை நம்ப வேண்டாம், 3 வயதுக்குக் கீழே பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். டயபர் கட்டும் குழந்தையை நீச்சல் குளத்திலும் பொதுவாக விடுவதில்லை.

சுற்றிப் பார்ப்பதற்கு வருகிறேன். லிப்டில் உச்சித் தளத்துக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு தளமாக இறங்கி வாருங்கள். உங்களுக்கும் மகளுக்கும் படி, அத்தைக்கு லிப்ட். லிப்ட் வாசலில் கப்பல் வரைபடம் இருக்கும், அறை எண்ணின் முதல் இலக்கம் அநேகமாகத் தளத்தைக் குறிக்கும். முதல் நாள் எல்லோரும் வழி தவறுவது பின்கோடியில் இருக்கும் சாப்பாட்டுக் கூடத்தைத் தேடும்போது. நடுவில் சமையல்கூடம் மறித்திருந்தால் அதே தளத்தில் நேராகப் போக முடியாது, ஒரு தளம் மேலே ஏறி, கடந்து, மறுபடி இறங்க வேண்டும். வெளித்தளம் காலை 6 மணிக்குக் காலியாக இருக்கும். அத்தையை அந்த நேரத்தில் கூட்டிப் போய் உட்கார வையுங்கள். வெளித்தளக் கதவுகள் கனம், காற்றில் படாரென்று அடிக்கும். சின்னவன் விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு. ஏறியவுடன் கூட்டம் முழுக்க பஃபேக்குத்தான் ஓடும். பந்தியாக உட்கார்ந்து சாப்பிடும் பெரிய கூடம் மதியம் திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள், திறந்திருந்தால் அங்கே நிம்மதியாகச் சாப்பிடலாம். ராத்திரிக்கு இரண்டு பந்தி என்றால் முந்தைய பந்தியைக் கேளுங்கள், குழந்தைக்கும் சர்க்கரை உள்ளவருக்கும் அதுதான் ஒத்துவரும். சைவம், சர்க்கரை இல்லாதது என்பதையெல்லாம் பதிவிலேயே சொல்லிவிடுங்கள். பஃபேயில் தட்டை எடுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆவி பறக்கிறதை மட்டும் கொஞ்சமாகப் போட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடும் முன் எல்லோரும் 20 நொடி சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொடுத்துக் கப்பலில் வேகமாகப் பரவுகிற நோரோ வைரஸுக்குச் சானிடைசர் போதாது. புளிசாதத்தைச் சோதனையில் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். சீல் உடைக்காத பாக்கெட் முறுக்கு, பிஸ்கட் பொதுவாகப் போகும். மின் கெட்டில், இஸ்திரிப் பெட்டி இரண்டும் தீ அபாயம் என்று விட மாட்டார்கள்.

சென்னைக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் ரயிலில் போவதென்றால் கப்பல் நாளுக்கு முந்தின இரவு ஏறாதீர்கள், ஒரு நாள் முன்கூட்டியே போய் அத்தைக்கு ஓய்வு கொடுங்கள். துறைமுகத்தில் கொடுக்கும் பெட்டிகள் அறைக்கு வர சாயங்காலம் ஆகும். அத்தையின் மாத்திரை, கண்ணாடி, ஒரு மாற்றுப் புடவை, சின்னவன் டயபர் நாலு, எல்லோருடைய பாஸ்போர்ட் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். அந்தப் பையை உங்கள் வீட்டுக்காரர் தூக்கிக்கொள்ளட்டும்.