எஸ்.க்யூ.எல். படித்த மகளை மருந்துக் கடைக்கு அனுப்புங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் பி.சி.ஏ. இறுதியாண்டு. எஸ்.க்யூ.எல். (தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி), நார்மலைசேஷன் (ஒரே தகவல் திரும்பத் திரும்ப வராமல் பிரித்து வைப்பது) எல்லாம் நன்றாக வருகிறது, ஆனாலும் நேர்முகத் தேர்வில் கோட்டை விடுகிறார், இன்னொரு கோர்ஸில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், பணத்தைக் கையில் வைத்திருங்கள். டேபிள், அதாவது தரவை வைக்கும் அட்டவணை, போடத் தெரிந்த பிள்ளைகள் ஏராளம். அந்த டேபிளில் யார், எந்த அவசரத்தில் தட்டச்சு செய்வார்கள் என்று யோசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதைக் கற்றுக்கொள்ள உங்கள் தெரு மெடிக்கல் ஷாப் போதும்.

அந்தக் கடையின் பில்லுக்கும் இருப்புக் கணக்குக்கும் முதலில் தன் யோசனைப்படி டேபிள் போட்டு வைக்கட்டும். பிறகு கடைக்காரரிடம் அனுமதி வாங்கி, மூன்று நாள் மாலை 6 முதல் 9 மணி வரை ஓரமாக நிற்கச் சொல்லுங்கள். லேப்டாப் வேண்டாம், நோட்டுப் புத்தகம் மட்டும்.

முதல் அரை மணியிலேயே ஒருவர் வந்து "நாலு மாத்திரை மட்டும் கொடுங்க" என்பார். கத்தரிக்கோலால் அட்டையை வெட்டிக் கொடுப்பார்கள். இருப்பை அட்டைக் கணக்கில் வைத்திருந்தால் மீதி ஆறு மாத்திரை எங்கே போய் உட்காரும்? ஒரு மருந்து அட்டைக்கு 10, இன்னொன்று 15. ஆகவே இருப்பு மாத்திரைக் கணக்கில்தான் இருக்க வேண்டும். அட்டைக்கு எத்தனை என்பது டேபிளில் தனி நெடுவரிசை.

அடுத்தது பேட்ச், அதாவது ஒரே தடவையில் தயாரான மருந்துத் தொகுதி. ஒரே மருந்து இரண்டு பேட்சாக டிராயரில் கிடக்கும். கடைப் பையன் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுப்பார், திரையில் முதலில் தெரியும் பேட்சுக்கு என்டர் தட்டுவார். ஆறு மாதம் கழித்து, விற்றுப்போன பேட்ச் இருப்பில் இருப்பதாக ரிப்போர்ட் சொல்லும். காலாவதியான அட்டையோ ரிப்போர்ட்டில் வராமல் டிராயரில் கிடக்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எதிரே எட்டுப் பேர் நிற்கும்போது பேட்சை மாற்ற நான்கு விசை தட்ட யாருக்கும் பொறுமை இருக்காது. முதலில் காலாவதியாவது மேலே, பேட்ச் எண்ணின் கடைசி மூன்று எழுத்து பெரிதாக, ஒரே விசையில் தேர்வு. டிராயரிலும் அதே வரிசை. இப்படி அமைத்தால்தான் கணக்கு நிற்கும்.

ஷெட்யூல் ஹெச்1 மருந்துகளுக்கு (மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத, கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகள்) மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்காக எல்லா பில்லுக்கும் மருத்துவர் பெயரைக் கட்டாயமாக்கினால் ஒரு புள்ளியைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மருத்துவர் பெயர் நெடுவரிசையை குரூப் பை (ஒரே மாதிரிப் பதிவுகளைச் சேர்த்து எண்ணும் எஸ்.க்யூ.எல். கட்டளை) போட்டு எண்ணிப் பாருங்கள். புள்ளி முதலிடத்தில் வந்தால் படிவம்தான் தப்பு. ஹெச்1 மருந்துக்கு மட்டும் கேளுங்கள், அக்கம்பக்க மருத்துவர்களின் பட்டியலையும் கொடுத்துவிடுங்கள்.

கடை முதலாளி கேட்பதை மட்டும் வைத்து மென்பொருளைக் கட்டினாலும் தோற்கும். அவருக்குக் கணக்கில் உள்ள இருப்புக்கும் அலமாரியில் உள்ளதற்கும் உள்ள வித்தியாசம் தெரிய வேண்டும். ஊழியருக்கோ அந்த வித்தியாசம் தன் தலையில் விடியுமோ என்று பயம். உடைந்தது, காலாவதி, திரும்பி வந்தது என்று காரணம் பதிய இடம் இல்லாவிட்டால் பதிவதையே தவிர்ப்பார்கள். பில்லை அழிக்க வழி இருக்கக்கூடாது. ரத்து, காரணம், ஆள், நேரம் நான்கும் பதிவாக வேண்டும். கடை முழுவதற்கும் ஒரே பாஸ்வேர்டு இருந்தால் அந்த ஆள் யாரென்றே தெரியாது. ஆளுக்கொரு நான்கு இலக்க எண் கொடுப்பது எளிது.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவை, வண்டிகளை அனுப்ப புதிய கணினி முறைக்கு மாறியது. ஊழியர்கள் தவறான பொத்தானை அழுத்தினார்கள், ஒதுக்கிய வண்டியை விட்டு வேறு வண்டியில் போனார்கள், ரேடியோ எட்டாத இடங்களும் இருந்தன. எந்த வண்டி எங்கே என்று கணினிக்குத் தெரியாமல் போக, ஒரே அழைப்புக்கு இரண்டு வண்டி போனது. எச்சரிக்கைச் செய்திகள் திரையில் குவிந்தன. மறுநாளே பாதி கையால் செய்யும் முறைக்குத் திரும்பினார்கள். பயிற்சி பல மாதம் முன்பே முடிந்து மறந்துபோயிருந்ததும் ஒரு காரணம்.

அதனால் கடையிலும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். சர்க்கரை, பி.பி. மருந்து இருக்கும் ஒரு அலமாரியை மட்டும் இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்கலாம். பயிற்சி அதற்கு முந்தின வாரம்தான். மார்ச் கடைசியும் தீபாவளி நேரமும் ஆகாது.

நேர்முகத் தேர்வுக்கு இரண்டு தாள் போதும்: முதலில் போட்ட டேபிள், கடையில் பார்த்தபின் மாற்றிய டேபிள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி காரணத்துடன். இம்ப்ளிமென்டேஷன் (மென்பொருளை வாடிக்கையாளர் இடத்தில் நிறுவி ஓட வைப்பது), பிசினஸ் அனலிஸ்ட் (வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டு எழுதுவது) வேலைகளுக்கு விண்ணப்பிக்கட்டும். சப்போர்ட் வேலை என்றால் முகம் சுளிக்க வேண்டாம், வாடிக்கையாளரின் திட்டு நேராகக் காதில் விழும் இடம் அது.

ஒன்று மட்டும் கண்டிப்பு. மருந்துச் சீட்டைப் போட்டோ எடுக்கக் கூடாது. மாதிரித் தரவில் நோயாளி பெயரெல்லாம் கற்பனையாகவே இருக்கட்டும்.