பக்கத்துப் பூங்காவில் (சென்னை அண்ணா நகர் டவர் பூங்கா) குடும்பமாக ஜியோகேச்சிங் புதிர் வேட்டை நடத்துவது எப்படி?

"நாலு டப்பாவை ஒளித்து வைத்துப் பிள்ளைகளைத் தேட விடுங்கள், அவ்வளவுதான்" என்று இங்கே ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களைப் பார்த்ததால்தான் எழுதுகிறேன். அது பொருள் தேடும் விளையாட்டு. ஜியோகேச்சிங்கில் ஆயத்தொலைவை (ஓரிடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) கண்டுபிடித்து, ஜிபிஎஸ் உதவியோடு அந்த இடத்துக்குப் போய் ஒளித்து வைத்த பெட்டியை எடுக்க வேண்டும். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்கா 2000 மே 2 அன்று எடுத்தது. மறுநாளே ஒருவர் ஓரிகான் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்து அதன் ஆயத்தொலைவை இணையத்தில் போட்டார். விளையாட்டு பிறந்ததே அப்படித்தான்.

நீங்கள் அண்ணா நகர் டவர் பூங்கா என்று சொல்லியிருக்கிறீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளைகள், 6 முதல் 12 வயது, கூடவே பெற்றோரும் தாத்தா பாட்டியும் வருவார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அணிக்கு நாலைந்து பேர், நாலு அணி போதும்.

அந்தப் பூங்காவின் ஆயத்தொலைவு வடக்கு 13° 05, கிழக்கு 80° 12 நிமிடங்களை ஒட்டியது (இங்கே நிமிடம் என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு). கடைசிப் பெட்டி இருக்குமிடத்தை 13° 05.2அஆ, 80° 12.8இஈ என்று கொடுங்கள். நாலு நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்துக்கான எண். நிமிடத்தின் மூன்றாம் தசம இலக்கம் ஒன்று மாறினால் இடம் 1.8 மீட்டர்தான் நகரும். இரண்டாம் இலக்கம் என்றால் 18 மீட்டர், முதல் இலக்கம் என்றால் 180 மீட்டருக்கு மேல். அதனால் முதல் தசம இலக்கத்தை மறைக்கவே கூடாது. மறைத்தால் தப்புக் கணக்குப் போட்ட அணி சாலையைக் கடந்து போய் நிற்கும். சந்தேகத்துக்கு இடமில்லாத விடைகளை அ, இ ஆகியவற்றுக்கு வையுங்கள். எண்ணும்போது ஒன்று கூடக் குறைய வரக்கூடியதை ஆ, ஈ பக்கம் தள்ளுங்கள். அங்கே தவறினாலும் ஓரிரண்டு எட்டுதான் தள்ளிப்போகும். தாளின் அடியில் "நாலையும் கூட்டினால் 22" என்பது போல ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கட்டாயம் அச்சடியுங்கள். அது இல்லாவிட்டால் பிள்ளைகள் அரை மணி நேரம் வேறு புதரைக் கிளறுவார்கள்.

ஒரு நிறுத்தத்தின் விடை அடுத்த நிறுத்தத்துக்குத் தேவைப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது நாலு அணியும் நாலு இடத்தில் தொடங்கி எந்த வரிசையிலும் சுற்றலாம், ஒன்றின் பின்னால் ஒன்று ஓடாது.

எல்லாரும் இடறும் இடம் ஒன்று உண்டு. 13° 05.214 என்பதைக் கூகுள் மேப்ஸில் 13.05214 என்று அடித்துவிடுவார்கள். நிமிடத்தை 60-ஆல் வகுத்தால்தான் பாகை வரும்; சரியான எண் 13.0869. கிழக்கு எண்ணையும் அப்படியே அடித்தால் பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் பூந்தமல்லிப் பக்கம் காட்டும். மாற்றும் முறையைத் தாளிலேயே எழுதிக் கொடுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வகுத்தலே நல்ல புதிர்.

நீங்கள் இடத்தைக் குறிக்கும்போது கைப்பேசியைத் திறந்தவெளியில் இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் பிடியுங்கள். வேறொரு நாளும் போய் எடுத்துச் சராசரி போடுங்கள். நல்ல வானத்தின் கீழ் 3 முதல் 5 மீட்டர் பிழை சாதாரணம். கோபுரத்தை ஒட்டியோ அடர்ந்த மரத்தடியிலோ நின்றால் சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறித்தும் இலையில் தடைபட்டும் வரும், பிழை இன்னும் ஏறும். கோபுரத்தைப் புதிருக்கு வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியை அதனருகில் வைக்காதீர்கள். கடைசிப் பத்து மீட்டருக்கு ஒரு சொற்குறிப்பு தேவை: "முட்டி உயரம், கல்லுக்குப் பின்னால்" என்ற அளவுக்கு.

புதிர்கள் தமிழில் இருக்கட்டும். கோபுரம் 1968-இல் கட்டியது, உயரம் 135 அடி. ஆண்டின் கடைசி இலக்கம் 8 என்பது தாத்தாவைக் கேட்டாலும் மாறாத விடை. க-பாஷையில் (ஒவ்வோர் அசைக்கும் முன்னால் 'க' சேர்த்து) "கவேப்கபகமகரம்" என்று எழுதிக் கொடுத்தால் பாட்டி நொடியில் "வேப்பமரம்" என்பார். அந்த மரத்தைச் சுற்றி எத்தனை கல்லிருக்கை என்று எண்ண வேண்டும். சின்னதுகளுக்குப் புள்ளிக் கோலம்: மூன்றுக்கு மூன்று, ஒன்பது புள்ளி. தரையில் சாக்பீஸில் போடாதீர்கள், செடிக்குத் தண்ணீர் விடும்போது அழிந்துவிடும். லேமினேட் செய்து கட்டுங்கள். பூந்தொட்டி, அறிவிப்புப் பலகை, விளக்குக் கம்பத்தின் எண் போல மாறக்கூடியவற்றை எண்ணச் சொல்ல வேண்டாம். படிக்கட்டும் தூணும் மாறாது.

பெட்டி 500 மில்லி முதல் ஒரு லிட்டர் வரை, உள்ளே தெரியும் பிளாஸ்டிக், நாலு பக்கமும் பூட்டும் மூடி. எவர்சில்வர் டப்பாவும் கறுப்பு டேப் சுற்றிய பொட்டலமும் கூடவே கூடாது. ஆளில்லாமல் கிடந்தால் போலீஸ் வரும். வெளியே "விளையாட்டுப் பெட்டி, ஆபத்தில்லை" என்று தேதி, உங்கள் எண்ணோடு ஒட்டுங்கள். மாநகராட்சிப் பூங்கா என்பதால் மண்டல அலுவலகத்தில் கடிதம் கொடுங்கள், காவலாளியிடம் நேரிலும் சொல்லுங்கள். உள்ளே ஜிப் கவரில் கையெழுத்து நோட்டு, பென்சில் (பேனா மை ஈரத்தில் பரவும்), அணிக்கொரு நிறத்தில் பரிசுப் பை. பொதுவாகப் போட்டால் முதலில் வந்த அணி அள்ளிவிடும். மிட்டாய் வேண்டாம், எறும்பும் அணிலும் முந்திக்கொள்ளும். மரப்பொந்து, மின்பெட்டி, சாக்கடை மூடி ஆகிய மூன்றிலும் கை விட வைக்காதீர்கள். மண்ணைத் தோண்டவே கூடாது.

பூங்காவில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் வருவார்கள். ஊரில் பாதிப் பூங்காக்களில் "புல்லில் நடக்காதே, பந்து விளையாடாதே" என்ற பலகைகள்தான் பிள்ளைகளை வரவேற்கின்றன. நடைப்பயிற்சிப் பாதைக்குத் தரும் மரியாதையில் கால்வாசியாவது ஓடி விளையாடும் பிள்ளைக்குத் தர வேண்டாமா? அவர்களும் ஊர்க்காரர்கள்தானே. நடப்பவர்களுக்கு இடைஞ்சல் வராதபடி நிறுத்தங்களைப் பாதையிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள், போதும்.

ஜனவரி, பிப்ரவரி ஞாயிறு காலை எட்டரை மணி வாக்கில் தொடங்குங்கள். நடப்பவர் கூட்டம் குறைந்திருக்கும். பூங்கா மூடும் நேரத்தை முன்பே கேளுங்கள். வேட்டைக்கு ஒன்றே கால் மணி நேரம் வேண்டும். ஒவ்வோர் அணிக்கும் மூடிய உறையில் மூன்று உதவிக்குறிப்பு. ஏழு நிமிடம் திணறினால் ஒன்றைப் பிரிக்கலாம்.

ஜியோகேச்சிங் தளத்தில் பதிவு செய்ய ஆசைப்பட்டால் விதி வேறு. ஒருநாள் பெட்டியை ஏற்க மாட்டார்கள், குறைந்தது மூன்று மாதம் இருக்க வேண்டும். அடுத்த பெட்டியிலிருந்து 161 மீட்டர் தள்ளியும் இருக்க வேண்டும். படிக்கட்டு, தூண் போல ஏற்கெனவே அங்கே இருப்பதை எண்ணி விடை எடுக்கும் நிறுத்தங்களுக்கு அந்தத் தூரக் கணக்கு இல்லை.

வைக்கும்போதே பெட்டியையும் ஒவ்வொரு அட்டையையும் இடத்தோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் அந்தப் படங்களைப் பார்த்து, கட்டின கயிறு உட்பட எல்லாவற்றையும் அவிழ்த்து எடுத்துவிட்டுக் காவலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.