முதலில் யாரிடம் பேசுவது?

தம்பி, இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியல் படித்து ரொறன்ரோவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது என்கிறீர்கள். துறையில் இருப்பவர்களைச் சந்தித்து விவரம் கேட்கும்படி வேலைதேடல் வகுப்பில் சொல்கிறார்கள், ஒருவரையும் தெரியாத ஊரில் அவர்களை எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வந்த புதிதில் பெரிய பதவிகளில் இருந்தவர்களுக்கே எழுதினேன். ஒவ்வொரு கடிதத்தையும் "வேலை ஏதும் இருந்தால் சொல்லுங்கள்" என்று முடித்தேன். ஒரு பதிலும் வரவில்லை. கையில் இல்லாததைக் கேட்டால் மனிதர் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுவார். தெரிந்ததைக் கேட்டால் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்.

ஆகவே உங்களுக்கு மூன்று நான்கு ஆண்டுகள் முன்னால் வந்தவர்களைத் தேடுங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் பொறியியலாளர் உரிமம் பெறுவதற்குக் கனடிய அனுபவம் ஓராண்டு வேண்டும் என்ற விதி 2023 மே மாதத்தில் நீங்கிவிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் உரிமம் எடுத்த அண்ணர் நல்ல மனதோடுதான் தன் வழியைச் சொல்வார். ஆனால் அந்த வழி இன்று உங்களுக்குப் பொருந்தாது. லிங்க்ட்இன்னில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்து, முன்னாள் மாணவர்களில் ரொறன்ரோவில் இருப்பவர்களை மட்டும் பிரித்துப் பாருங்கள். பேராதனை என்ற ஒரு சொல்லே பாதிக் கதவைத் திறந்துவிடும்.

நம்மவர்கள் அதிகம் கவனிக்காத இடம் ஒன்றும் உண்டு. வீதியை அகலமாக்கவோ பாலத்தை மாற்றவோ திட்டமிடும்போது இங்கே நகராட்சிகள் மக்களை அழைத்துக் கருத்துக் கேட்கின்றன. அறிவித்தல் நகராட்சியின் இணையதளத்தில் வரும். சில கூட்டங்கள் இணையத்தில் நடக்கும். நீங்கள் நேரில் நடப்பதைத் தேடிப் போங்கள். வரைபடப் பலகைகளுக்குப் பக்கத்தில் நிற்பவர்களில் அந்தத் திட்டத்தின் பொறியியலாளர்களும் இருப்பார்கள். கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே வந்திருப்பார்கள். மழைநீர் வடிகாலைப் பற்றி ஒரு நல்ல கேள்வி கேட்டுப் பாருங்கள், நீங்கள் துறைக்காரர் என்பது அவர்களுக்கு உடனே விளங்கும். கூட்டம் கலையும் நேரத்தில், "உங்கள் வேலையைப் பற்றி இன்னொரு நாள் இருபது நிமிடம் பேசலாமா?" என்று அவர்களில் ஒருவரிடம் கேளுங்கள். எனக்கு இங்கே முதலில் நேரம் ஒதுக்கிய பொறியியலாளர் அப்படிக் கிடைத்தவர்தான்.

புதிதாகக் குடியேறியவர்களின் வேலைவாய்ப்புக்கு உதவும் ட்ரையெக் (TRIEC) என்ற ரொறன்ரோ அமைப்பு நடத்தும் வழிகாட்டித் திட்டத்திலும் பதிந்துவையுங்கள். புதிதாக வந்தவரைத் தொழிலில் இருப்பவரோடு அவர்கள் சேர்த்துவிடுகிறார்கள். கோயிலிலும் கலியாண வீட்டிலும் விசாரிப்பதற்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சந்திப்பில் சுயவிவரத்தை நீட்டாதீர்கள். அவருடைய நாள் எப்படிப் போகிறது, எந்த மென்பொருளில் வரைகிறார், முதல் ஆண்டில் எது சிரமமாக இருந்தது என்று கேளுங்கள். எழும்புமுன் இன்னும் யாரோடு பேசினால் நல்லது என்று கேட்டு, அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றிரவே நன்றி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து, அவர் சொன்னதில் எதைச் செய்து பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள். அந்த இரண்டாவது கடிதத்தை எழுதாமல் விட்டு நல்ல மனிதர்கள் சிலரின் தொடர்பை இழந்திருக்கிறேன், நீங்கள் விட்டுவிடாதீர்கள்.